கறியைக் கழுவுறியா, காய்ச்சுறியா? ஹாட் டாக்குக்கு சில்லி சாஸ் வைத்த கதை

முதல் தடவை வைத்தது ருசியில் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அது சாஸ் இல்லை, கைமாப் பிரட்டல். பன்னைப் பிளந்து, சாசேஜை நடுவில் படுக்க வைத்து, மேலே ஒரு கரண்டி போட்டுக் கடித்தால், பல் பட்ட மறு நொடி எல்லாம் உருண்டு சட்டையில் விழுந்தது. என் ராத்தா (அக்கா) மகனுடைய சின்ன மகள் மடியில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டு அழுதாள். அவ்வளவு காரம்.

ராத்தா மகன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறான். பள்ளி லீவுக்குப் பிள்ளைகளோடு கீழக்கரைக்கு வந்திருந்தான். முதல் ரெண்டு வாரம் நெய்ச்சோறும் மீனும் பரோட்டாவும் கொண்டாட்டமாகப் போனது. மூணாவது வாரம் பிள்ளைகள் தட்டைத் தள்ள ஆரம்பித்தார்கள். என்னதான் வேண்டும் என்று கேட்டால் ஹாட் டாக். வெறும் ஹாட் டாக் இல்லை, மேலே கறி சாஸ் ஊற்றி, கடுகும் பச்சை வெங்காயமும் போட்டது. அவன் ஊரில் அதற்கு கோனி என்று பேர்.

எனக்குத் தொழில் போட் எஞ்சின் வேலை. ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் நிற்கும், எனக்கு ராப்பகல் தெரியாது. ஜூன் 14-ஓடு தடை முடிந்து எல்லாரும் கடலுக்குப் போன பிறகுதான் மூச்சு விட நேரம். அந்த நேரம் பார்த்து வந்தது இந்த வேலை. நான் பார்க்கிற எஞ்சினுக்கெல்லாம் என்ன கழற்றினேன், என்ன மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அதே நோட்டின் பின்பக்கத்தில் சாஸ் கணக்கையும் எழுதினேன். இது அதிலிருந்து எடுத்தது.

முதல் தடவை செய்த தப்பு ரெண்டு. ஒன்று, நம் கைப்பழக்கம். வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு போட்டு, பச்சை வாடை போக வதக்கி, அதில் ஆட்டுக் கைமாவைக் கொட்டிச் சுருளக் கிளறினேன். சூடான எண்ணெயில் விழுந்த கைமா அந்த இடத்திலேயே இறுகிக் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் கறி தனி, குழம்பு தனி.

ரெண்டாவது தப்பு மிளகாய்த்தூள். மருமகன், அதாவது ராத்தா மகன், போனில் எடுத்துக் காட்டிய அமெரிக்கக் குறிப்பில் அரைக் கிலோ கறிக்கு சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி என்று இருந்தது. நானும் நம் வீட்டு டப்பாவிலிருந்து 2 மேசைக்கரண்டி அள்ளிப் போட்டேன். அங்கே சில்லி பவுடர் என்று விற்பது தனி மிளகாய்த்தூளே இல்லை. காரம் குறைந்த வத்தலோடு சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ எல்லாம் கலந்த ஒரு மசாலாப் பொடி. நம் ஊர்க் குழம்புத்தூள் மாதிரி ஒரு கலவை. அதை மிளகாய்த்தூள் என்று மொழிபெயர்த்தால் பிள்ளைகள் அழத்தான் செய்யும். இணையத்தில் தமிழில் கிடைக்கிற செய்முறைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்த்தூள் என்று எழுதியிருக்கிறார்கள். செய்து பார்க்காமல் எழுதியது அப்பட்டமாகத் தெரிகிறது.

மருமகனுக்குத் தின்னத் தெரியும், வைக்கத் தெரியாது. அன்று ராத்திரி அங்கே யாரிடமோ பேசிவிட்டு வந்து சொன்னான்: "மாமா, பச்சைக் கறியைப் பச்சைத் தண்ணியில போட்டுக் கரைக்கணுமாம். எண்ணெயே கிடையாதாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உம்மாவுக்கு அதைவிடவும் இல்லை.

இந்த சாஸின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியம், அதைச் சொல்லிவிடுகிறேன். கோனி ஐலண்ட் என்பது நியூயார்க்கில் கடற்கரையை ஒட்டிய இடம். ஹாட் டாக்குக்குப் பேர் போன ஊர் அது. ஆனால் இந்தக் கறி சாஸ் அந்த ஊர்ச் சரக்கு இல்லை. 1900-களின் தொடக்கத்தில் கிரீஸ், மாசிடோனியா பக்கமிருந்து பிழைக்கப் போனவர்கள் மிச்சிகனில் கடை போட்டு, பேரை மட்டும் நியூயார்க்கிலிருந்து எடுத்துக்கொண்டு, சாஸைத் தங்கள் கைப்பக்குவத்தில் வைத்திருக்கிறார்கள். டெட்ராய்டில் அமெரிக்கன், லஃபாயெட் என்று ரெண்டு கோனிக் கடைகள் பக்கத்துப் பக்கத்துச் சுவர். எது நல்ல கடை என்று அந்த ஊரில் இன்றைக்கும் சண்டை. அதே மாநிலத்தில் ஃப்ளின்ட் என்கிற ஊரில் சாஸ் ஈரமே இல்லாமல் உதிரியாக இருக்குமாம், மாட்டின் இதயத்தையும் அரைத்துச் சேர்ப்பார்களாம். தெற்கே சின்சினாட்டியில் 1922-ல் மாசிடோனியச் சகோதரர்கள் ஆரம்பித்த வகையில் பட்டை, கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கும். அதை நூடுல்ஸ் மாதிரியான ஸ்பகெட்டி மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் கைவரிசை எப்படியிருக்கும் என்று கீழக்கரைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரெண்டாவது தடவைக்கு மாட்டுக்கறி வாங்கினேன். ஆட்டுக்கறியில் ஒரு தொந்தரவு உண்டு. அதன் கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும். முதல் நாள் சாஸ் ஆறினதும் மேல் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டியது. ஹாட் டாக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிற பண்டம் இல்லை, கையில் பிடித்துக் கதை பேசிக்கொண்டே தின்பது. மாட்டுக் கொழுப்பும் உறையும்தான். ஆனால் தொடைப்பக்கம் சதையாகக் கேட்டு வாங்கினால் கொழுப்பு கம்மி.

கறிக்கடையில் ரெண்டு தரம் அரைக்கச் சொன்னேன்.

"ரெண்டு தரமா? கோலா உருண்டைக்கா காக்கா?" எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"இல்லப்பா, சாஸுக்கு."

"சாஸுக்கு எதுக்குக் கறி வாங்குறிய?" என்று கேட்டுவிட்டு மெஷினில் போட்டுத் தந்தார். நியாயமான கேள்வி.

இப்போது வீட்டுக்கு வந்து செய்தது. வாயகன்ற சட்டியில் முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீர். அதில் 500 கிராம் கைமா. அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. கையை உள்ளே விட்டு விரல் நுனியால் கசக்கிக் கரைக்க வேண்டும், புளி கரைக்கிற மாதிரி. முதல் நிமிஷம் கட்டி கட்டியாக விரலிடுக்கில் வழுக்கும். ரெண்டாவது நிமிஷம் தண்ணீர் சிவந்து கலங்கும். நாலைந்து நிமிஷத்தில் கட்டி என்று கைக்கு எதுவும் அகப்படாது, ஈர ரவையைத் தொடுகிற மாதிரி இருக்கும். சட்டியில் இருப்பது கண்மாயில் முதல் மழைக்கு வந்து சேர்கிற செம்மண் தண்ணீர் மாதிரி. பார்க்கச் சகிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது: "கறியைக் கழுவுறியா, காய்ச்சுறியா?"

விஷயம் இதுதான். பச்சைத் தண்ணீரில் கறியின் புரதம் கொஞ்சம் கரைந்து வெளியே வருகிறது, துணுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரிந்து மிதக்கின்றன. அப்புறம் மெல்லச் சூடேறும்போது ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக வேகிறது. சூட்டில் போட்டால் பிரிவதற்கு முன்னாலேயே இறுகிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மொத்த சாஸும் அதில்தான் நிற்கிறது. நம் சமையலில் வதக்குவதுதான் முதல் பாடம். இதில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. ரெண்டு தடவை என் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போனது.

அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து கொதி வரும் வரை கரண்டியை எடுக்கக் கூடாது. நடுவில் போன் வந்தது என்று நான் ரெண்டு நிமிஷம் நகர்ந்தேன். கறி மேலே மிதந்து வந்து அடைபோலச் சேர்ந்துகொண்டது. அதை மத்தால் உடைத்துக் கரைக்க வேண்டியதாயிற்று.

மிளகாய்க்கு நம் ஊர் குண்டு வத்தலையே எடுத்துக்கொண்டேன். இந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் பிடித்தது தோல். நீட்டு வத்தலைவிடத் தடிப்பான தோல், அதனால் அரைத்தால் விழுதுக்கு ஒரு கனம் வருகிறது. சாஸுக்கு அதுதான் வேண்டும். காரத்தைக் குறைக்க வழி: காம்பைக் கிள்ளி, வத்தலைப் பிளந்து, விதையைத் தட்டிவிட்டு, உள்ளே விதை ஒட்டியிருக்கிற வெளிறிய நரம்பையும் சுரண்டி எடுத்துவிடுவது. காரம் அதிகம் இருப்பது அந்த நரம்பில்தான், விதையில் இல்லை. விதையை மட்டும் தட்டிவிட்டு நரம்பை விட்டால் பாதி வேலை. எட்டு வத்தலை இப்படிச் சுத்தம் செய்து, வெறும் சட்டியில் வாசம் வருகிற அளவுக்கு மட்டும் புரட்டி, வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்து மிக்ஸியில் மைய அரைத்தேன். கருகினால் கசக்கும். சுரண்டின கையோடு கண்ணைத் தொட்டது என் சொந்தக் கெட்டிக்காரத்தனம், அதைச் செய்முறையில் சேர்க்க வேண்டாம்.

ஓரிகானோவுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, பீட்சாவோடு வந்து டப்பாவில் சேர்ந்து கிடந்த சின்னப் பொட்டலங்களை மருமகன் எடுத்து வந்தான். வாசம் செத்துப் போயிருந்தது. கொல்லையில் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறது. கியூபா பேரைச் சொல்லி அதையும் ஓரிகானோ என்றே அழைக்கிறார்கள், வாசமும் கிட்டத்தட்ட அந்த வழிதான். ஒரு நடுத்தர இலையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் சரியாக நிற்கிறது. மூணு இலை போட்டேன், சாஸ் சளிக்குக் காய்ச்சின கசாயம் ஆகிவிட்டது. ஒரு இலை, அதற்கு மேல் வேண்டாம்.

இனி ரெண்டாவது தடவையின் பெரிய கோளாறு. உப்பு.

சாஸ் ஒன்றேகால் மணி நேரம் சிறு தீயில் வற்றி, பார்வைக்கு அப்படியே கடைச் சாஸ் மாதிரி வந்தது. துணுக்குத் துணுக்காக, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழிகிற பதம். வாயில் வைத்தால் கரித்தது. நான் போட்டது ஒரு தேக்கரண்டி உப்புத்தான். முதல் தடவை அதே உப்புக்குக் கரிக்கவில்லை. என்ன மாறியது? கறி மாறியது, வத்தல் மாறியது, தண்ணீரின் அளவு மாறியது, நேரம் மாறியது. எஞ்சினில் புகை வந்தால் ஒரே நாளில் பில்டரையும் நாசிலையும் பம்பையும் சேர்த்து மாற்றாதே என்று பையன்களைத் திட்டுகிறவன் நான். இங்கே நாலையும் ஒரே நாளில் மாற்றி வைத்திருந்தேன்.

சந்தேகம் தண்ணீர் மேல் போனது. எங்கள் கரையில் வீட்டுக் குழாயில் போரிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. குடிக்கவும் சோறு பொங்கவும் வண்டியில் வருகிற நல்ல தண்ணியைக் குடக்கணக்கில் வாங்கி வைக்கிறோம். அன்று கறி கரைக்கிற அவசரத்தில் சட்டியை நேரே குழாயடியில் பிடித்திருந்தேன். முக்கால் லிட்டர் என்ற அளவில் அந்த உப்பு நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்தேன். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணியை வெறும் சட்டியில் கொதிக்க வைத்து ஒரு டம்ளர் அளவுக்கு வற்ற விட்டேன். பக்கத்து அடுப்பில் நல்ல தண்ணி அதே அளவு. ஆறின பிறகு ரெண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணி சப்பென்று இருந்தது. குழாய்த் தண்ணி கடல் தண்ணிக்குத் தம்பி. சட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் வேறு படிந்திருந்தது. ஆணத்துக்கு (குழம்புக்கு) இது அவ்வளவாகத் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் அவ்வளவு நேரம் வற்ற விடுவதில்லை, தேங்காய்ப்பால் வேறு சேர்க்கிறோம். மணிக்கணக்கில் வற்ற வைக்கிற எதற்கும் நம் கரையில் நல்ல தண்ணிதான். உப்பும் கடைசியில்தான், வற்றி முடிந்து ருசி பார்த்த பிறகு. சாசேஜிலேயே உப்பு தாராளமாக இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூணாவது தடவை எழுதி வைத்த கணக்கு இது, பத்து ஹாட் டாக்குக்கு வரும். ரெண்டு தரம் அரைத்த மாட்டுக் கைமா 500 கிராம், நல்ல தண்ணி 750 மில்லி. கரைத்துக் கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, துருவின பெரிய வெங்காயம் 1, நசுக்கின பூண்டு 6 பல், எட்டு குண்டு வத்தல் விழுது, வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, விரல் நகமளவு பட்டை, ரெண்டு தக்காளியின் விழுது. தீயைக் குறைத்து, மூடாமல், அவ்வப்போது கிளறி ஒன்றேகால் மணி நேரம். கடைசிப் பத்து நிமிஷத்தில் கற்பூரவல்லி ஒரு இலை, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, தேவைக்கு உப்பு. பட்டையை எடுத்துவிடுங்கள்.

கருப்பட்டி குறிப்பில் இல்லாதது. அங்கே கெச்சப்பும் சீனியும் சேர்க்கிறார்கள். பனங்காட்டு ஜில்லாவில் இருந்துகொண்டு சீனி எதற்கு என்று சாயல்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். அந்தக் கரிந்த இனிப்பு கறிக்கும் வத்தலுக்கும் நடுவில் நன்றாகப் போய் உட்கார்ந்தது. இந்தச் செய்முறையில் எனக்குப் பெருமை என்றால் அந்த ஒரு துண்டுதான். இவ்வளவுக்குப் பிறகும் நீர்க்க இருந்தால் ரஸ்க்கைப் பொடித்து ரெண்டு கரண்டி தூவலாம், அங்கே பிஸ்கட் தூள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோளமாவு வேண்டாம். போட்டால் சைனீஸ் கடைக் குழம்பு மாதிரிப் பளபளக்கிறது.

முக்கியமானது இன்னும் இருக்கிறது. வைத்த அன்றே பரிமாறாதீர்கள். ஆறினதும் பிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு ஏடாக உறைந்திருந்தது, கரண்டியால் தூக்கினால் அப்பளம் மாதிரி வந்தது. முழுதையும் எடுத்துப் போட்டுவிட்டுச் சூடாக்கினால் நிறமும் வாசமும் பாதி போய்விடும், ஏனென்றால் வத்தலின் சிவப்பு கொழுப்பில்தான் கரைந்து கிடக்கிறது. முக்கால்வாசியை எடுத்துவிட்டுக் கால்வாசியை உள்ளேயே விட்டேன். ராத்திரி கரண்ட் ரெண்டு தடவை போனது, பிரிட்ஜைத் திறக்காமல் காவல் இருந்தது உம்மா.

மற்றதெல்லாம் சின்ன வேலை. சாசேஜ் ராமநாதபுரத்தில் வாங்கி, மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தோம். பெட்டியைப் பார்த்து, கீழக்கரைக்கு ராமநாதபுரத்திலிருந்து மீன் போகுதா என்று கண்டக்டர் சிரித்தார். சிக்கன் சாசேஜ்தான் கிடைத்தது. வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டு, பிறகு தோசைக்கல்லில் புரட்டினால் தோல் லேசாக முறுகும். கடுகுக்கு பாட்டில் கடுகுச் சாஸே போதும், நம் கருங்கடுகை அரைத்துப் பார்த்ததில் மூக்கைத் தாக்கியது.

பன் விஷயத்தில்தான் ஏமாந்தேன். ஒரு பேக்கரியில் நீள பன் முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும் என்றார்கள், பணமும் கொடுத்தேன். வாங்கப் போன அன்று, கிரீம் வைக்கிற நீள பன்னைக் கிரீம் வைக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். பாயசத்தில் ஊறினது மாதிரி இனிப்பு. கடைசியில் இன்னொரு பேக்கரி மாஸ்டரிடம் சொல்லி, சீனியைப் பாதியாகக் குறைத்து நீளமாக உருட்டி வாங்கினேன். மறுநாள் பன் காய்ந்திருந்தது. இட்லிச் சட்டியில் துணி விரித்து ஒரு நிமிஷம் ஆவி காட்டினதும் பஞ்சாகிவிட்டது. கோனிக் கடைகளிலும் ஆவியில்தான் வைத்திருப்பார்கள் என்று மருமகன் சொன்னான். இட்லிச் சட்டி இருக்கிற வீட்டுக்கு இது ஒரு வேலையே இல்லை.

வைக்கிற வரிசை: ஆவி காட்டின பன், சாசேஜ், அதன் மேல் ரெண்டு மூணு கரண்டி சாஸ், நீளவாட்டில் கடுகு, மேலே பொடியாக நறுக்கின பச்சை வெங்காயம். சின்னவள் கடித்தாள். ஒன்றும் கீழே விழவில்லை. சாஸ் சாசேஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. "அப்பா, இது கோனி" என்று அவள் சொன்னபோது மருமகன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

பத்து பேருக்கு என்று வைத்த சாஸ் ஆறு பேருக்குத்தான் வந்தது. கணக்குத் தப்பில்லை. நாங்கள் வாசலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த நேரத்தில், சாசேஜ் என்கிற வஸ்துவைக் கையால் தொட மாட்டேன் என்று இருந்த உம்மா, காலையில் மிஞ்சின இடியாப்பத்தை ஆவி காட்டி எடுத்து, அதன் மேல் நாலு கரண்டி சாஸை ஊற்றிப் பசியாறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு தட்டு போயிருந்தது. மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, உம்மம்மா சின்சினாட்டி போயிட்டாங்க" என்றான்.